அண்ணன் போட்ட காப்பி

அந்த மாத்திரைக்கு எங்கள் தெருவில் 'பரீட்சை மாத்திரை' என்று பெயர். காலேஜில் படிக்கிறவர்கள் பரீட்சை நேரத்தில் தூங்காமல் இருக்க அதை வாங்கி விழுங்குவார்கள். அவர்களிடமிருந்து தறிக்காரர்களுக்கு வந்தது. மருந்துக்கடையில் யார் போய்க் கேட்டாலும் கொடுத்தார்கள், சீட்டு கீட்டு ஒன்றும் கேட்கமாட்டார்கள். அறுபதுகளின் கடைசி அது. அதன் முழுப் பெயர் மெத்தாம்ஃபெட்டமின் என்று பல வருஷம் கழித்து ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். அதுவரை கட்டிக்கொண்டவள் பெயர் தெரியாமல் குடித்தனம் நடத்தியவன் கதைதான் என் கதை.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்தான் எனக்கு அப்பா மாதிரி என்று யாராவது சொன்னால் தெருவே தலையாட்டும். நானும் ஆட்டியிருக்கிறேன்.

நாங்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு இழை ஓட்டத்திலும் உடலும் கரையும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் குறுக்கிழை ஓட்டுகிற நாடாவைத் தள்ளினால் இன்னொருவர் வாங்க வேண்டும். ஒருவர் எழுந்து போய்விட்டால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்க்க வேண்டியதுதான். பத்து வருஷத்துக்கு மேல் நானும் அண்ணனும் அப்படி உட்கார்ந்தோம். அவர் இருமினால் எதற்கு இருமுகிறார் என்று எனக்குத் தெரியும். என் கை எந்த நேரத்தில் சோரும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு தை மாதம், முகூர்த்தப் புடவைகள் தலைக்கு மேல் கிடந்தபோது, எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த காலேஜ் மாணவன் ஒரு மாத்திரை கொடுத்தான். விழுங்கினேன். தூக்கம் போயிற்று. பசி போயிற்று. இடுப்பு வலி போயிற்று. உலகத்தில் என் கைதான் கை, மற்றவர்களுக்கெல்லாம் இருப்பது அகப்பை என்று தோன்றியது. இரண்டு வருஷம் அந்த எண்ணத்தில் இருந்தேன்.

இரண்டாவது வருஷம் சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டிய நிலைமை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். அண்ணி என் பட்டு நூலைத் திருடி ஒளிக்கிறாள் என்று ஒருநாள் அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தேடினேன். அவள் குனிந்து அரிசியை வாரினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

பிறகு எறும்பு வந்தது. ஒருநாள் பகலில் தறியில் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு இழைகளின் மேல் செவ்வெறும்பு சாரி சாரியாக ஊர்கிறது. பிளேடை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டினேன். ரொம்பக் கவனமாக வெட்டினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் திரும்பி வந்தபோது ஒரு சாண் அகலத்துக்குப் பாவு அறுந்து தொங்கியது. எறும்பு ஒன்றுகூட இல்லை.

தறிக்காரன் வீட்டில் பாவை அறுப்பது தாலியை அறுப்பது போல. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணன் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கி இணைத்தார். நாலு நாள் குனிந்த தலை நிமிராமல் இணைத்தார். நான் சுவரோரம் உட்கார்ந்து அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டிவிட்டு இன்னொரு மாத்திரை போட்டிருப்பேன்.

ஐந்தாம் நாள் காலையில் என்னிடம் மிச்சம் இருந்த மாத்திரைகளை எடுத்துப் போய் சர்வதீர்த்தக் குளத்தில் கொட்டினேன். மீன்கள் எப்படியும் கண்ணை மூடுவதில்லை, அவற்றுக்கு நஷ்டம் இல்லை. வீட்டுக்கு வந்து அண்ணன் காலில் விழுந்து, இனிமேல் தொடமாட்டேன் என்றேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

விட்டபிறகு வருவது இன்னதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு வந்தது தூக்கம். இரண்டு வருஷக் கடனையும் ஒரே மூச்சில் வசூலிக்கிற தூக்கம். எழுந்தால் பசி. அண்ணி வடித்த சோற்றை அப்படியே தின்றுவிட்டு, அவளும் அண்ணனும் என்ன சாப்பிடுவார்கள் என்றுகூட நினைக்காமல் மறுபடி படுப்பேன். ஒரு வாரம் கழித்துத் தூக்கம் குறைந்தது, அழுகை வந்தது. காரணம் இல்லாத அழுகை. கீரைக்காரி கூவினால் அழுகை. தறிச் சத்தம் அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்கும், எங்கள் வீட்டில் கேட்காது, அதற்கு ஒரு அழுகை. கையைத் தூக்கி முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டுவது பெரிய வேலையாக இருந்தது. எதிலும் ருசி இல்லை. இனி எப்போதும் இப்படித்தான் என்று தீர்மானமாகத் தெரிந்தது.

அண்ணன் வருவார், பார்ப்பார், போவார். பட்டும் பாவும் கொடுக்கிற முதலாளியின் மேஸ்திரி இரண்டு தடவை வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது, நாள் நெருங்குகிறது, முடியாவிட்டால் பாவைக் கழற்றி வேறு வீட்டுத் தறிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டும் எழ முடியவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். ஒரு காலையில் அண்ணன் தன் கையாலேயே காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அதுவரை அவர் அடுப்பு பற்ற வைத்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் சுட வைக்கவே அண்ணியைக் கூப்பிடுகிற மனிதர். அந்தக் காப்பியில் சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தார், அப்படியும் கசந்தது. கஷாயம் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தேன். பல நாள் கழித்து நான் பேசிய முதல் கேலி அது. அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அது அப்போது என் கண்ணில் படவில்லை.

அன்று பத்து மணிக்கு எழுந்தேன். குளித்தேன். தலை வாரினேன். தறியில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் மறுபக்கம் வந்து உட்கார்ந்தார். நாடா போயிற்று, வந்தது. கோர்வை விழுந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, இந்தத் தடவை காரணத்தோடு. காமாட்சி கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அண்ணன் அன்போடு போட்டுக்கொடுத்த காப்பிக்கு அவ்வளவு சக்தி என்று நினைத்தேன். இரண்டாவது நினைப்பு எவ்வளவு சரியாக இருந்தது என்று பிறகுதானே தெரிந்தது.

தினமும் காலையில் அண்ணன் காப்பி போட்டார். தினமும் நான் நெய்தேன். முகூர்த்தப் புடவை நாள் தவறாமல் முடிந்தது. மேஸ்திரி அதை மடியில் விரித்துக் கரையைத் தடவிப் பார்த்து, இதைத்தான் தெளிந்த கை என்று சொல்வது என்றார். நான் தரையில் நடக்கவில்லை. கோயிலுக்குப் போய்ப் பிரகாரம் சுற்றிவிட்டு வந்தேன். தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அதோடு நிற்கவில்லை என் கொழுப்பு. எங்கள் தெருக்கோடியில் இன்னொரு தறிக்காரர் இருந்தார். என்னைவிட மூத்தவர், நாலு பிள்ளை பெற்றவர். அவரும் இதே மாத்திரையில் விழுந்தவர். டீக்கடையில் அவரை உட்கார வைத்து உபதேசம் செய்தேன். மனசு வைத்தால் போதும், பத்து நாள் படுத்திருங்கள், பதினோராம் நாள் தானாக எழுந்துவிடுவீர்கள், என்னைப் பாருங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். போய் விட்டுப் பார்த்தார். இருபது நாள் கிடந்தும் எழ முடியாமல் மறுபடி மருந்துக்கடைக்குப் போனார். என்னைத் தெருவில் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டு, "உனக்கு இருக்கற மனசு எனக்கு இல்லப்பா" என்றார். நான் அவர் தோளில் தட்டினேன். பெரிய மனிதன் அல்லவா.

இடையில் ஒரே ஒரு நாள்தான் சரியில்லாமல் போயிருந்தது. அமாவாசை.

காஞ்சிபுரத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. ஞாயிற்றுக்கிழமை ஓடும், பண்டிகைக்கு மறுநாள் ஓடும், அமாவாசையன்று மட்டும் எந்தத் தெருவிலும் சத்தம் இருக்காது. தறிமேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, ஆண்கள் குளத்துக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வருவார்கள். வீட்டில் படையல் நடக்கும். நான் எழுந்து நடமாட ஆரம்பித்துப் பத்து நாளில் ஒரு அமாவாசை வந்தது. அன்று காலை கண் விழித்தபோது என் நெஞ்சின்மேல் யாரோ அம்மிக்கல்லை வைத்திருந்தார்கள். எழ முடியவில்லை. பழைய அழுகை, பழைய தூக்கம், எல்லாம் வட்டியோடு வந்தன. சாயங்காலம்வரை சுவரைப் பார்த்துக் கிடந்தேன். மறுநாள் காலை அண்ணன் காப்பி கொண்டுவந்தார், சரியாகிவிட்டது.

தெருவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் புத்தி பேதலித்தவர்களுக்கு முற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாத்திரை தின்று தலை கலங்கினவன், அவனுக்கு அமாவாசை இழுக்கத்தானே செய்யும் என்றார்கள். நானும் நம்பினேன். பயந்தும் போனேன். மாத்திரையைக் குளத்தில் கொட்டிவிடலாம், நிலாவை எதில் கொட்டுவது?

அண்ணனே என்னை மந்திரிக்கிறவரிடம் அழைத்துப் போனார். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சின்ன காஞ்சிபுரம்வரை நடந்தே போனோம், பேசிக்கொண்டே போனோம். தாயத்து வாங்கிவந்து, சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, என் வலது கையில் அண்ணனே கட்டினார். முடிச்சுப் போட்டவர் அவர். நூல் இறுகியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தவர் அவர்.

அடுத்த அமாவாசைக்கு நான் தயாராக இருந்தேன். கையில் தாயத்து, நெற்றியில் திருநீறு. ஒன்றும் பலிக்கவில்லை. விடிந்ததும் அம்மிக்கல் வந்துவிட்டது. அண்ணன் குளத்துக்குப் போயிருந்தார். அண்ணி காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். படுத்தபடியே இரண்டு வாய் குடித்தேன். அவளுக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது. அரிசிப் பானை விவகாரத்துக்குப் பிறகு நான் அவளிடம் சரியாகப் பேசியதில்லை. இன்றைக்குக் காப்பி கசக்கவில்லை, நன்றாக இருக்கிறது என்றேன்.

அண்ணி போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அமாவாசைல மட்டும் நான்தான் தம்பி காப்பி போடறேன். உங்க அண்ணன் அன்னைக்கு அடுப்பாண்ட வர்றதில்ல" என்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புத்தி மந்தமாக இருந்த நாள் அல்லவா. தறி ஓடாத நாளில் மாத்திரையும் கிடையாது. தறி ஓடுகிற நாளெல்லாம் உண்டு. அண்ணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் அடுக்களைப் பரணைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன். பரணில் புளி வைத்திருக்கும் ஜாடிக்குப் பின்னால் காகிதப் பொட்டலம். உள்ளே வெள்ளை மாத்திரைகள். அதே மருந்துக்கடைக் காகிதம்.

அப்போது நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோபம் வருவதற்கு முன்னால் வாயில் எச்சில் ஊறியது. என் உடம்பு அண்ணனுக்கு நன்றி சொன்னது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. போட்டுக்கொண்டால் அழுகை நின்றுவிடும், அண்ணனையும் பழையபடி பார்க்கலாம். அண்ணி பின்னால் வந்து நின்று, "தம்பி, அத என் கையில குடுத்துடுங்க" என்றாள். கொடுத்தேன். பொட்டலத்தையும் கொடுத்தேன். அவள் அடுப்பில் போட்டாள். அந்த இரண்டு அடி தூரம் கையை நீட்டியதுதான் நான் என் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம். அதற்கு முந்தைய நாற்பது நாள் சாதனை எதுவும் என்னுடையதல்ல.

அண்ணன் ஈர வேட்டியோடு உள்ளே வந்தார். அடுப்படியில் நாங்கள் இருவரும் நிற்பதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. அதற்கு ஒரு மதிப்பு கொடுக்க வேண்டுமானால் கொடுக்கிறேன். கூடத்தில் உட்கார்ந்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பத்து நாளா சுவத்த பாத்துக்கினு கெடந்தடா. பாவ எடுத்துக்கினு போயிடுவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. வெறுந்தறிய பாத்தா நீ செத்தே போயிடுவன்னு நெனச்சேன். இத்தினியூண்டுதான் கலந்தேன்."

"அந்தப் புடவை போயி மாசமாகப்போவுது. அப்புறம் ஏண்ணா கலந்த?"

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அதுக்குள்ள நீ சிரிக்க ஆரம்பிச்சிட்டடா" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டு உருகியிருக்க வேண்டும் என்று பின்னால் சிலர் என்னிடம் சொன்னார்கள். எனக்கு எரிந்தது. சிரித்தது நானா, மாத்திரையா? கோயிலைச் சுற்றியது யார்? டீக்கடையில் ஒரு பாவப்பட்ட மனிதனுக்குப் பாடம் எடுத்தது யார்? பன்னிரண்டு நாள் நான் அழுது புரண்டு ஏறிய படிகளிலிருந்து, எனக்குத் தெரியாமல் என்னைக் கீழே இறக்கிவிட்டு, மேலே இருப்பதாக என்னை நம்பவைத்துக் கைதட்டியிருக்கிறார். மாத்திரையைக்கூட மன்னிக்கலாம் என்று தோன்றியது. கையில் கட்டியிருந்த தாயத்தைக் காட்டிக் கேட்டேன்.

"தெரிஞ்சிக்கினே இத ஏண்ணா கட்டின?"

அண்ணன் அழுதார். அப்பா போனபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. "ஒருவேள நெசமாவே அமாவாசதானோன்னு நானும் நம்பப் பாத்தேன்டா" என்றார்.

தாயத்தை அறுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நேராகத் தெருக்கோடித் தறிக்காரரிடம் போனேன். நான் சொன்னது அத்தனையும் பொய், எனக்கே தெரியாத பொய் என்றேன். முழுதும் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, "அப்ப நான் ஒருத்தன் மட்டும் இல்லையா?" என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

ஊரை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு ஜைனக் குடும்பம், நெல் வியாபாரம் செய்கிறவர்கள், அப்பா காலத்துப் பழக்கம். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை காலியாக இருந்தது. அங்கே போய்ப் படுத்தேன். மறுபடி முதலிலிருந்து. மறுபடி தூக்கம், மறுபடி பகாசுரப் பசி, மறுபடி அழுகை. பதினோராம் நாள் எழவில்லை. இருபதாம் நாளும் எழவில்லை. இரண்டாம் மாதம்தான் வாசல்வரை நடந்தேன். உண்மையாக எழுவது இவ்வளவு மெதுவாகத்தான் நடக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த வீட்டு அம்மாள் நான் கேட்கும்போதெல்லாம் தண்ணீரை என் கண்ணெதிரே வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொடுப்பார். புழு பூச்சிக்குத் தீங்கு வரக்கூடாது என்று அப்படிச் செய்வது அவர்கள் வழக்கம். எனக்கு வேறு காரணத்துக்காக அது பிடித்தது. கஞ்சியை நானே வைத்துக்கொண்டேன். இன்னொருத்தர் கலந்து கொடுக்கும் எதுவும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கோயிலில் குருக்கள் உத்தரணிக் கரண்டியால் தீர்த்தம் விட்டால் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் தடவிக்கொள்வேன்.

இதைவிட மோசம் ஒன்று இருந்தது. எப்போதாவது ஒரு காலையில் மனம் லேசாக இருக்கும். வெயில் நன்றாக இருக்கும். வாய் தானாகச் சீட்டியடிக்கும். உடனே சீட்டியை நிறுத்திவிடுவேன். யார் எதில் என்ன கலந்தார்கள்? நேற்று நான் வைத்த கஞ்சியைப் போய் முகர்ந்து பார்ப்பேன். சந்தோஷம் வந்தால் திருடன் வந்ததுபோல எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அண்ணன் என்னிடமிருந்து எடுத்தது இதைத்தான். மாத்திரை பிடுங்கியது எல்லாம் மெல்ல மெல்ல வந்துவிட்டது, இது வருவதற்கு வருஷங்கள் பிடித்தன. முழுதாக வந்துவிட்டது என்று இப்போதும் சத்தியம் செய்யமாட்டேன்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் பக்கத்தில் ஒருவர் வீட்டில் தறி கேட்டு உட்கார்ந்தேன். கோர்வை இல்லை. ஒற்றை ஆள் நெய்கிற சாதாரணப் புடவை. கோர்வைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளைத் திரும்பிப் பார்க்காமல் நம்ப வேண்டும். அண்ணனும் கோர்வையை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லி மேஸ்திரி எவ்வளவோ கேட்டும் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

நான் நாள் எண்ணவில்லை. அமாவாசை எண்ணினேன். நான் நிஜமாக விட்டிருக்கிறேனா என்று சோதிக்க எனக்கு வேறு அளவுகோல் இல்லை. முதல் மூன்று அமாவாசையும் மற்ற நாட்களைப் போலவே மோசமாக இருந்தன. நாலாவது கொஞ்சம் தேவலை. ஆறாவது அமாவாசை வந்தது. காலையில் எழுந்தேன், பல் தேய்த்தேன், கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீர் இறைத்தேன், அந்த வீட்டு மாட்டை இடம் மாற்றிக் கட்டினேன். மத்தியானம்தான் இன்றைக்கு அமாவாசை என்பதே உறைத்தது. சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. செவ்வாய்க்கிழமை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம்? இந்த ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

கதவு திறந்திருந்தது. தறியை மூடியிருந்தார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். நான் உட்காரவில்லை.

"இன்னைக்கு அமாவாசண்ணா" என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்ல."

அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டினார். பிறகு விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனார். கூடத்து மூலையில் இருந்த அண்ணி எழுந்து பின்னால் போகப் பார்த்தாள், அவர் வேண்டாம் என்று கையைக் காட்டியது தெரிந்தது. பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. அமாவாசையன்று அவர் எனக்காக அடுப்பு பற்ற வைத்தது அன்றுதான் முதல் தடவை.

காப்பி கொண்டுவந்து நீட்டினார். டம்ளரில் ஆவி பறந்தது. கையை நீட்டி வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தேன். கை வரவில்லை. நான் டம்ளருக்குள் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். பெரியவர், எனக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்தவர், என் எதிரே நின்றபடி டம்ளரைத் தன் வாயில் வைத்து ஒரு மடக்கு குடித்தார். விழுங்கினார். நான் பார்க்க வேண்டும் என்று வாயைக்கூடத் திறந்து காட்டினார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சுத்தமா இருக்குதுடா" என்று மறுபடி நீட்டினார்.

"தெரியும்ணா" என்றேன்.

எனக்கு நிஜமாகவே தெரியும். அதில் காப்பியைத் தவிர வேறொன்றும் இல்லை. இருந்தும் அதைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.